நாலு பேர் பேரில் ஒரு பில்

கல்யாணமாகி நான் திருவெறும்பூர் குவார்ட்டர்ஸுக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. மணப்பாறைப் பக்கம் எங்கள் ஊரில் நெல்லும் கடலையும் மிளகாயும் வீட்டிலேயே விளையும். உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி தவிர கடையில் வேறு எதுவும் வாங்கியதாக நினைவில்லை. இங்கே வந்ததும் கடுகிலிருந்து கறிவேப்பிலை வரைக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதே எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

எங்கள் வரிசையில் நாலு வீடு. முதல் வீட்டில் ஸ்ரீரங்கத்து மாமி. மாமா கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். மூன்று பிள்ளைகள். இரண்டாவது வீட்டில் பாலக்கரையிலிருந்து வந்த டீச்சரக்கா, கிறிஸ்தவர். கல்யாணத்துக்கு முன்னால் கான்வென்ட்டில் டீச்சராக இருந்தவர், அதனால் எல்லோருக்கும் டீச்சரக்கா. அவருக்கு நாலு பிள்ளைகள். மூன்றாவது வீட்டில் பாலக்காட்டுச் சேச்சி, அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். கடைசி வீடு எங்களுடையது. நாங்கள் இரண்டே பேர்.

அப்போது குவார்ட்டர்ஸைச் சுற்றி வெறும் பொட்டல்தான். பக்கத்தில் இருந்த ஒரே பெட்டிக்கடையில் எல்லாமே யானை விலை. மாமிதான் முதலில் யோசனை சொன்னார். சம்பளம் வந்த சனிக்கிழமை நாலு பேரும் பஸ் ஏறி திருச்சிக்குப் போய், பெரிய கடைவீதியில் ஒரே கடையில் மொத்தமாக வாங்கினால் விலை குறைத்துக் கொடுப்பான், கூலி வண்டியும் ஒன்றே போதும் என்றார். அப்படியே செய்தோம். பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் என்று நாலு வீட்டுச் சாமானும் ஒரே சீட்டில் எழுதிக் கொண்டு போய், ஒரே பில்லாகப் போட்டு, டீச்சரக்கா வீட்டுக் கூடத்தில் கொட்டிப் பிரித்துக் கொள்வோம். பிள்ளைகளை எல்லாம் வெளியே துரத்தி விட்டு, தராசு இல்லாததால் மாமி வீட்டுப் படியால் அளந்து, நாலு குவியல் போடுவோம். அந்த மத்தியானம் முழுக்க சிரிப்புத்தான்.

அப்படிப் பிரித்த ஒரு நாளில்தான் அந்த இரண்டு எழுத்து எங்கள் கண்ணில் பட்டது. பில்லின் அடியில், கூட்டுத் தொகைக்கு முன்னால், ‘வி.வ.’ என்று எழுதி எழுபத்திரண்டு பைசா போட்டிருந்தான். அதற்கு முந்தைய மாதங்களிலும் இருந்திருக்கும். நாங்கள்தான் பார்க்கவில்லை.

"ஏண்டிம்மா, நீ எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவதானே, இது என்னதுன்னு சொல்லு" என்று மாமி என்னிடம் பில்லை நீட்டினார்.

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"வேற என்ன, வியாபாரியோட வரும்படி! அதைத்தான் நம்ம தலைல கட்டிருக்கான்" என்று மாமியே தீர்ப்பும் சொல்லி விட்டார்.

டீச்சரக்கா சிரித்துக் கொண்டே, "இல்ல மாமி. அது விற்பனை வரி. சேல்ஸ் டாக்ஸ். கவர்மெண்டுக்குப் போறது" என்றார்.

"எழுபத்திரண்டு பைசா. நாலால வகுத்தா ஆளுக்குப் பதினெட்டு" என்றேன் நான்.

மாமி தன் குவியலைப் பார்த்தார். ஸ்ரீஜயந்தி வருகிறது என்று அந்த மாதம் அவர் வாங்கியதில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஊறுகாய் போட வேண்டும் என்று ஏகப்பட்ட உப்பு. பருப்பு வகையறா கொஞ்சம்தான். டீச்சரக்கா குவியல் மலைக்கோட்டை மாதிரி நின்றது.

"அவ வாங்கின எண்ணெய்க்கும் மிளகாய்க்கும் நான் ஏன் வரி கட்டணும்? உப்புக்குமா வரி? உப்புக்கு வரி போட்டதுக்குத்தானே வெள்ளைக்காரனையே விரட்டினோம்?"

சேச்சிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்து, "இப்ப எந்தா பிரச்னை?" என்று கேட்டார். நாங்கள் சொன்னதும், "மாமி சொல்றது சரியாக்கும். யாரு எவ்வளவு வாங்கினாளோ, அவ்வளவு வரி" என்றார். ஆனால் எந்தச் சாமானுக்கு எவ்வளவு வரி என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஆளுக்குப் பதினெட்டுப் பைசா கொடுத்து முடித்துக் கொண்டோம். அடுத்த முறை போகும்போது கடையில் கேட்டு வருவது என் பொறுப்பு என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்து விட்டார்கள். வயதில் நான்தான் சின்னவள். வீட்டில் பிள்ளை குட்டி இல்லை. வேறு யார் தலையில் கட்டுவார்கள்?

அடுத்த மாதம் கடைக்குப் போனதும் பில் எழுதுகிறவரிடம் போய் நின்றேன். நடுத்தர வயது ஆள், காதில் பென்சில் செருகியிருப்பார். கூட்டம் அதிகம் இல்லாத நேரம்.

"அண்ணே, இந்த விற்பனை வரி எதெதுக்கு எவ்வளவுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குங்க? பில்லுல ஏதாவது தப்பா இருக்கா?" வரி ஆபீஸில் வேலை செய்கிறவர் வீட்டுப் பெண்ணோ என்று பயந்து விட்டார் போல.

"தப்பெல்லாம் இல்லண்ணே. நாங்க நாலு வீடு பங்கு போடணும். அதான்."

அவருக்கு உயிர் வந்தது. பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய்க்கெல்லாம் அப்போது அவர் கடையில் நூற்றுக்கு இரண்டு போட்டார்கள். உப்புக்குக் கிடையாது. சர்க்கரைக்கும் கடையில் கிடையாது, ஆலையிலிருந்து வரும்போதே வேறு வரியாகக் கட்டி விடுகிறார்கள். சோப்புக்கும் பில்லில் வரி இல்லை. "அது முதல்ல மெட்ராஸ்ல விக்கிறவரே கட்டிடுவாருங்க. ஒரு தடவை கட்டினா போதும். அந்தக் காசு விலையிலேயே சேர்ந்து வந்துடும்" என்றார். நான் அவரிடமே பென்சிலை வாங்கி, பழைய பில்லின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டேன்.

வெளியே வந்து இவர்களிடம் சொன்னேன். சோப்பு விஷயத்தைக் கேட்டதும் மாமி நடுத்தெருவில் நின்று விட்டார்.

"அப்போ இத்தனை நாள் தேய்ச்சுக் குளிச்சதெல்லாம் வரியா?"

"மாமி இனிமே கொஞ்சமா தேய்ச்சுக்குங்க" என்றார் டீச்சரக்கா. சேச்சி மூட்டையைக் கீழே வைத்து விட்டுச் சிரித்தார். கடைவீதியில் போகிறவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, முந்தைய மாதத்துப் பில்லை எடுத்து முதலிலிருந்து கணக்குப் போட்டேன். வரி உள்ள சாமானை மட்டும் தனியாகக் கூட்டினால் முப்பத்தாறு ரூபாய். அதில் டீச்சரக்கா வாங்கியது பதினாலு, சேச்சி பத்து, நான் எட்டு, மாமி நாலே நாலு. ரூபாய்க்கு இரண்டு பைசா வீதம் இருபத்தெட்டு, இருபது, பதினாறு, எட்டு. கூட்டினால் சரியாக எழுபத்திரண்டு! பள்ளிக்கூடத்தில் எவ்வளவோ கணக்குப் போட்டு விடை சரியாக வந்திருக்கிறது. ஆனால் பருப்பும் புளியும் சேர்ந்து போட்ட கணக்கு ஒரு பைசா பிசகாமல் வந்து நின்றபோது எனக்கு உண்டான சந்தோஷம் வேறு மாதிரி இருந்தது. எழுந்து போய் மூன்று வீட்டுக் கதவையும் தட்டினேன்.

டீச்சரக்கா மாமிக்குப் பத்துப் பைசா தர வேண்டியிருந்தது. நான் போட்ட கணக்கில் எனக்கும் இரண்டு பைசா வரவு, அதைச் சேச்சி கொடுத்தார். மாமி அந்தப் பத்துப் பைசாவை வாங்கி, ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிக் கொண்டார். "பெருமாளே, கவர்மெண்ட்லேர்ந்து எனக்குத் திரும்பி வந்திருக்கு பாரு" என்றார். டீச்சரக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து விட்டது.

அதிலிருந்து மாதா மாதம் வரிக் கணக்கு என்னுடையதாகி விட்டது. ஒரு ரூபாய்க்குக் குறைந்த சாமானில்தான் வம்பு. நாற்பது பைசா கடுகுக்கு வரி ஒரு பைசா கூட வராது. அதை விட்டு விடலாமா, ஒரு பைசாவாகவே வைத்துக் கொள்ளலாமா? கடைக்காரர் மொத்தத்துக்குத்தான் கணக்குப் போடுவார், நாங்கள்தான் அதைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஆளாளுக்கு மேல் பக்கமாக முழுசாக்கிக் கொள்வது என்று பேசி வைத்தோம். அப்படி மிஞ்சுகிற இரண்டு மூன்று பைசாவுக்கு பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை. ஒரு பைசா குறைந்தாலும் கடலைக்காரர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

தையல் மெஷின் பேச்சை எடுத்தது சேச்சி. கடைத்தெருவில் இருந்த தையல்காரர் சேச்சியின் பெண்களுக்குக் கவுன் தைக்கிறேன் என்று சொல்லி இரண்டையும் ஒரே அளவில் தைத்துக் கொடுத்து விட்டார். பெரியவளுக்கு முட்டிக்கு மேலே, சின்னவளுக்குத் தரையில். டீச்சரக்காவுக்குக் கான்வென்ட்டில் கற்றுக் கொண்ட தையல் நன்றாக வரும். மெஷின் மட்டும் இருந்தால் நாலு வீட்டுத் துணியும் நாமே தைக்கலாமே என்று பேச்சு வந்தது. ஒரு வீட்டால் வாங்க முடியாது. நாலு வீடு சேர்ந்தால்?

மாதம் ஆளுக்கு ஐந்து ரூபாய் ஒதுக்கினோம். பணம் டீச்சரக்காவிடம் சேர்ந்தது. கடைவீதியில் மெஷின் விற்கிற கடை ஒன்றில் விசாரித்ததில் விலை இருநூற்று நாற்பது என்றார்கள். "வரி எவ்வளவு?" என்று நான் கேட்டேன். அதற்குள் எந்தக் கடைக்குப் போனாலும் என் வாயில் முதலில் வருகிற கேள்வியே அதுதான். நூற்றுக்கு ஐந்து என்றார்கள். வெளி மாநிலத்திலிருந்து நேராகத் தங்களுக்கு வருகிற சரக்கு, அதனால் தாங்கள்தான் வரி வாங்கிக் கட்ட வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு ரூபாய். ஆக இருநூற்று ஐம்பத்திரண்டு. ஆளுக்கு அறுபத்து மூன்று. "அந்த மூணு ரூபாயையும் சேர்த்தே எடுத்து வைங்க" என்று எல்லோரிடமும் அன்றைக்கே சொல்லி விட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று சேர. வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை, தெரியும். ஆனால் நடக்கும் என்று யாரும் நம்பவில்லை. மாமா மட்டும் தினமும் மாமியிடம், "உங்க தொழிற்சாலை என்னிக்குத் திறப்பு விழா?" என்று கேட்பாராம்.

வாங்கப் போன அன்று நாலு பேரும் நல்ல புடவை கட்டிக் கொண்டு போனோம். டீச்சரக்கா பணத்தைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்து, அதைக் கையால் பிடித்துக் கொண்டு வந்தார். கடையில் நாலு மெஷினைக் காட்டினார்கள். டீச்சரக்கா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து துண்டுத் துணி வைத்துத் தைத்துப் பார்த்தார். நூல் அறுகிறதா, சத்தம் சமமாக வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். மூன்றாவது மெஷினில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கறுப்பு மெஷின், உடம்பில் பொன் நிறத்தில் கொடி ஓடியிருந்தது. அதுதான் என்று எங்களுக்கும் தெரிந்து விட்டது.

முதலாளி எங்களுக்குக் கலர் சோடா வரவழைத்தார். பிறகு மேஜை மேல் சாய்ந்து, கொஞ்சம் மெதுவாகக் கேட்டார்.

"பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?"

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "பில் போட்டா இருநூத்து அம்பத்திரெண்டு. பில் வேண்டாம்னா இருநூத்து நாற்பதே போதும். பன்னெண்டு ரூபா உங்களுக்கு மிச்சம். மெஷின் ஒண்ணுதான், நம்ம கடைதான். ரிப்பேர்னா எப்ப வேணும்னாலும் வாங்க, நான் பாத்துக்கறேன்."

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பன்னிரண்டு ரூபாய்! ஆளுக்கு மூன்று ரூபாய். அது அன்றைக்குச் சின்னக் காசு இல்லை. எனக்குள் அந்த நிமிஷமே ஒரு கண்ணாடி வளையல் ஜோடியும் ஒரு எவர்சில்வர் கரண்டியும் வந்து போயின. மாமி சுவரோரமாக எங்களைக் கூப்பிட்டார்.

"பேசாம பில் இல்லாம வாங்கிடுவோம். மூணு ரூபாய்னா சும்மாவா? அவர்தான் பாத்துக்கறேங்கறாரே."

"கட்ட வேண்டிய வரி மாமி" என்றார் டீச்சரக்கா.

"நான் கட்டமாட்டேன்னா சொல்றேன்? அவர்தான் வேண்டாங்கறார்."

எனக்கு எங்கள் ஊர் மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பார்கள். ஒரு காகிதம் கிடையாது. ஆனால் மாடு யாருடையது என்பதில் ஒரு சந்தேகமும் வராது. ஒரு மாடு, ஒரு தொழுவம். இங்கே மெஷின் ஒன்று, வீடு நாலு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சேச்சி ஒரு கேள்வி கேட்டார்.

"பில் இல்லெங்கில், இந்த மெஷின் யாரோடது?"

"நம்ம நாலு பேரோடது" என்றார் மாமி.

"அது நமக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்? நாளைக்கு எனிக்குப் பாலக்காட்டுக்கு மாத்தல் வந்தா? டீச்சரோட மாமியார் வந்து, எங்க வீட்ல இருக்கிற மெஷின் எங்களோடதுன்னு சொன்னா?"

டீச்சரக்காவுக்குத் தன் மாமியாரைப் பற்றி அந்தக் கடையில் வைத்துப் பேச விருப்பம் இல்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. மாமி மெஷினை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு நேராக முதலாளியிடம் போய், "பில் போடுங்கோ" என்றார். "வரியைச் சேர்த்தே போடுங்கோ. மெஷின் நம்பரையும் எழுதுங்கோ."

முதலாளி முகம் கொஞ்சம் வாடிற்று. ஆனாலும் பில் புத்தகத்தை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். "சார் பேர் சொல்லுங்க."

"எந்த சார்?" என்றார் மாமி.

"பில்லு யார் பேர்லம்மா போடணும்? சார் பேர் வேணும்ல?"

இப்போதுதான் நாங்கள் யோசித்தே பார்க்காத இடம் வந்தது. நாலு சார் இருக்கிறார்கள். யார் பேரைப் போட்டாலும் மூன்று பேருக்கு வருத்தம். ஆனால் எங்களுக்கு அப்போது தோன்றியது அது இல்லை. பணம் கட்டியது யார்? ஒரு வருஷமாகக் கறிகாயில் மிச்சம் பிடித்தது யார்? டீச்சரக்கா கைப்பையை மேஜை மேல் வைத்துத் திறந்தார்.

"எங்க நாலு பேர் பேர்ல போடுங்க."

"நாலு பேரா? பில்லுல பேர் எழுத ஒரு கோடுதானேம்மா இருக்கு?"

"பொடியா எழுதுங்க."

அவர் சிரித்து விட்டார். அந்தச் சிரிப்பில் பன்னிரண்டு ரூபாய் விஷயமெல்லாம் அவருக்கு மறந்து விட்டது என்று நினைக்கிறேன். ஒவ்வொருத்தராகப் பேரைச் சொன்னோம். மாமி தன் பேரை முழுசாக, ஸ்ரீரங்கம் கோயில் தாயார் பேரோடு சேர்ந்த அந்த நீளமான பேரைச் சொன்னார். அது வரை எனக்கு மாமிக்கு ஒரு பேர் இருப்பதே தெரியாது. சேச்சி பேரை எழுத அவருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாக என் பேரை எழுதும்போது கோட்டில் இடம் இல்லாமல், ஓரத்தில் மேல் பக்கமாக வளைத்து எழுதினார். கீழே விலை, வரி, மொத்தம். நான் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

மெஷினை மரப்பெட்டியில் கட்டித் தரும் வரைக்கும் நேரம் இருந்தது. பக்கத்தில் ஒரு ஹோட்டலில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி அறை உண்டு. ஆண் துணை இல்லாமல் நாலு பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வெளியில் சாப்பிடாத மாமி கூட, பிராமணாள் ஹோட்டல்தானே என்று தன்னையே சமாதானம் செய்து கொண்டு ஒரு காபி சொன்னார். நாங்கள் ஆளுக்கு ஒரு நெய் ரோஸ்ட். பில் வருவதற்கு முன்னாலேயே நான் மனசுக்குள் கணக்குப் போட்டு, வரியோடு தொகையைச் சொன்னேன். சர்வர் கொண்டு வந்து வைத்த சீட்டில் அதே தொகை. சேச்சி கை தட்டினார். சர்வர் பயந்து போய், "ஏதாவது கொறையாங்க?" என்று கேட்டார்.

பஸ் மேல் மெஷினை ஏற்றிக் கட்டி, வீடு வந்து சேர்ந்தபோது ஷிஃப்ட் முடிந்து ஆண்கள் வந்திருந்தார்கள். பெட்டியை இறக்க நாலு பேரும் ஓடி வந்தார்கள். என் வீட்டுக்காரர் பில்லை வாங்கிப் படித்தார். கோட்டில் முதலிலிருந்து கடைசி வரை விரலை ஓட்டி, ஓரத்தில் வளைந்து கிடந்த என் பேரில் நிறுத்தினார்.

"உன் பேரைக் கல்யாணப் பத்திரிகையில பாத்தது. அதுக்கப்புறம் இப்பத்தான் ஒரு காகிதத்துல பாக்கறேன்" என்றார். பிறகு, "ஃபிட்டர் ஒருத்தன் வீட்ல இருக்கான், மெஷினுக்கு எண்ணெய் போடணும்னா அவனைக் கூப்பிடலாமான்னு உங்க கம்பெனியில கேட்டுச் சொல்லு" என்றார்.

மாமா சும்மா இருக்கவில்லை. பில்லை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து, "எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்கறது. இவ பேர் இவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சிருந்தா நான் வேற எடம் பாத்திருப்பேன்" என்றார். மாமி அவரை முறைத்த முறைப்பில் நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக் கொண்டோம்.

மெஷின் ஒரு வீட்டில் ஒரு வாரம் என்று வரிசையில் போயிற்று. டீச்சரக்கா எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். சேச்சிக்குச் சட்டென்று வந்தது. மாமி தைத்த முதல் தலையணை உறைக்கு நாலு பக்கமும் வாய் மூடியிருந்தது. எனக்கு நேராகத் தைக்க வரும், வளைக்க வராது. அதனால் ஓரம் மடித்துத் தைப்பதெல்லாம் என் பங்குக்கு வந்தது.

அந்த வருஷத் தீபாவளிக்குக் குழந்தைகள் துணியெல்லாம் நாமே தைப்பது என்று முடிவாயிற்று. துணி எடுக்க ஸ்ரீரங்கத்துக்குப் போகலாம் என்றார் மாமி. அவர் பிறந்த வீடு அங்கே. சின்ன வயசிலிருந்து அவருக்குப் பாவாடைத் துணி கொடுத்த கடை சித்திரை வீதியில் இருந்தது. போன அன்று காலையில் அம்மாமண்டபத்தில் காவேரி கரை தொட்டு ஓடிக் கொண்டிருந்தது. டீச்சரக்கா கூடச் செருப்பைக் கழற்றி விட்டுப் படியில் இறங்கிக் காலை நனைத்துக் கொண்டார்.

கடைக்காரர் மாமியைப் பார்த்ததும், "வாங்கோ, வாங்கோ" என்று ஜமக்காளத்தை விரித்தார். துணியை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்தேன்.

"இதுக்கு வரி எவ்வளவுங்க?"

"துணிக்கு விற்பனை வரி கிடையாதும்மா. மில்லிலேயே கலால் வரியோட சேர்த்துக் கட்டிடறா. இங்க போட்ட விலை போட்டதுதான்."

எனக்கு ஒரே ஏமாற்றம். காதில் பென்சிலோடு போயிருந்தேன். மாமிக்கோ தாங்க முடியாத சந்தோஷம். "அப்போ மீட்டரா எதுக்கு வாங்கணும்? ஒரு தானா, முழுச் சுருளா வாங்கினா விலையையும் குறைப்பேள் இல்லையா?" என்று அவர் பேரத்தை ஆரம்பித்தார். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், கடைசியில் கொடுத்தார். வெளிர் நீலத்தில் மஞ்சள் பூ போட்ட பருத்தித் துணி, முழுத் தான் ஒன்று. ஒன்பது குழந்தைகளுக்கும் அதுவே என்று ஆயிற்று. அது எவ்வளவு பெரிய துணி என்று வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது. கூடத்தில் விரித்தால் வாசல் வரைக்கும் வந்தது.

பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன். பொத்தான் மட்டும் கடையில் வாங்கினோம். அதற்கு வரி இருந்தது, எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. எல்லாம் தைத்தும் துணி தீரவில்லை. நாலு வீட்டு ஜன்னலுக்கும் திரை தைத்தோம். அப்புறமும் மிச்சம். சேச்சி தன் வீட்டுக்காரருக்கு ஒரு அரைக்கைச் சட்டை தைத்து விட்டார். அவர் அதைப் போட்டுக் கொண்டு ஜன்னலில் நின்றால், திரை எது ஆள் எது என்று தெரியாது.

தீபாவளி காலையில் வாசலில் ஒரே புகை. டீச்சரக்கா வீட்டில் தீபாவளி கிடையாது என்றாலும் பிள்ளைகளுக்குப் பட்டாசு கிடைத்து விட்டது, புதுச்சட்டையும் போட்டாயிற்று. ஒன்பது பேரும் ஒரே பூவில் அங்கேயும் இங்கேயும் ஓடிக் கொண்டிருந்தார்கள். ஒருத்தன் என் வீட்டு வாளியைக் கவிழ்த்து அதற்கு அடியில் அணுகுண்டு வைத்தான். வாளி எகிறிப் போய்க் கொய்யா மரத்தில் விழுந்தது. டீச்சரக்கா வீட்டுக்காரர் புகைக்குள் பாய்ந்து, கையில் கிடைத்த மஞ்சள் பூச் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துப் போனார். உட்கார வைத்துப் புத்திமதி சொன்னார். அடுத்த வீட்டார் சாமானை எடுக்கக் கூடாது, பட்டாசு விளையாட்டுச் சாமான் இல்லை என்று நீளமாகச் சொன்னார். பையன் தலையைக் குனிந்தபடி எல்லாம் கேட்டுக் கொண்டான். பாவம் என்று டீச்சரக்கா அன்றைக்குச் சுட்ட அச்சுமுறுக்கை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். அவர் அடுப்பு வேலையில் இருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வாளியைத் தேடிக் கொண்டு அங்கே போனபோது தட்டு பாதிக்கு மேல் காலி. உட்கார்ந்திருந்தவன் மாமியின் நடுப்பையன். முகமெல்லாம் கரி.

"அண்ணே, இது மாமி பையன்!" என்றேன்.

டீச்சரக்கா வீட்டுக்காரர் அவன் மோவாயைத் தூக்கிப் பார்த்தார். "ஏண்டா, இவ்வளவு நேரம் திட்டறேன், நான் உங்க பிள்ளை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

அவன் வாயில் இருந்ததை மென்று முழுங்கினான்.

"முறுக்கு தீரட்டும்னு இருந்தேன் மாமா" என்றான்.